கப்பலோட்டிய தமிழர் கற்றுத் தந்த பாடம்



நம் பாட்டன்மார் இந்த நாட்டுக்கு வந்த கதையை வீட்டிலே கேட்டிருப்பீர்கள். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. பணபலமும் அரசாங்கத்தின் ஆதரவும் நிறைந்த அந்தக் கம்பெனியை, ரஜுலா ஓடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் எதிர்த்து நின்றார். அவர்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், வக்கீலுக்குப் படித்துத் தூத்துக்குடியில் நல்ல பேரோடு தொழில் நடத்தினார். சும்மா இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறும் சரக்கும் ஆட்களும் நம்முடையவை, லாபம் மட்டும் அந்நியருக்கா என்ற எண்ணம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தவர் வ.உ.சி.

கம்பெனி பிறந்துவிட்டது, கப்பல்தான் இல்லை! பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார். போட்டிக் கம்பெனி நெருக்கியதால் அவர்கள் வாடகையை ரத்துச் செய்துவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். வ.உ.சி. உட்காரவில்லை. இலங்கையிலிருந்து வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்துத் தொழிலை நிற்காமல் ஓட்டினார். அதோடு, அடுத்தவன் கப்பலை நம்பினால் இதே கதிதான் என்று புரிந்துகொண்டு, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே பிள்ளைக்கு நோய், மனைவியோ கர்ப்பிணி. கப்பலோடுதான் திரும்புவது என்று உறுதி சொல்லிவிட்டுப் போனார் என அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. தூத்துக்குடியே விழாக்கோலம் கொண்டது.

எதிரி சும்மா இருப்பானா? கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தான். சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. உடனே அவன், கட்டணமே வேண்டாம், குடையும் இனாம் என்று ஆள் பிடித்தான். இனாமை விட்டுக் காசு கொடுத்து நம் கப்பலில் ஏறிய ஏழைகள் இருந்தார்களே, அவர்கள்தாம் வ.உ.சி.க்கு உண்மையான மூலதனம்!

1908இல் கோரல் மில் தொழிலாளர்களுக்காகவும் போராடினார். அதே ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் அவரைக் கைது செய்தது. இரட்டை ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. கோவைச் சிறையிலே வக்கீலய்யா மாடு போலச் செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைந்தது. அரும்பாடுபட்டு வாங்கிய கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போயிற்று. இதைவிடப் பெரிய இடி ஒரு மனிதனுக்கு உண்டா?

அப்போதும் அவர் ஓயவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில அறிஞரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் தொழிலுக்கும் உரிமை இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். அந்த வறுமையிலும் தமிழ் நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் கண்மூடினார். விடுதலையை அவர் பார்க்கவில்லை.

அப்படியானால் அவர் தோற்றவரா? கணக்குப் புத்தகம் ஆமாம் என்கும். ஆனால் எந்தத் துறைமுகத்தில் அவர் கப்பல் விட்டாரோ, அந்தத் தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஊக்கம் என்பது வெற்றி வந்த பிறகு தானாக வருவதன்று. ஒரு கப்பல் போனால் மறு கப்பல், கப்பலே போனால் கையில் பேனா என்று அடுத்த வேலையைத் தேடிப் பிடிப்பதுதான் ஊக்கம். பணத்துக்காக மட்டும் இறங்கியிருந்தால் அவர் முதல் தடையிலேயே கரை ஏறியிருப்பார். தம்மை நம்பி 25 ரூபாய் கொடுத்தவர்களை நினைத்தார், தாங்கினார்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு நம் பாராட்டு. வாங்காத பிள்ளைகளே, நீங்களும் மனம் தளர வேண்டாம். நாளைக் காலையில் புத்தகத்தை எடுங்கள். உங்கள் அடுத்த கப்பல் அங்கேதான் காத்திருக்கிறது.