வல்வில் ஓரி

வல்வில் ஓரி சங்க காலத்தில் கொல்லி மலையையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் ஆண்ட குறுநில மன்னன் ஆவான். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். கொல்லி மலை இன்று தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இவனைப் பற்றிய செய்திகள் புறநானூறு, அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, சிறுபாணாற்றுப்படை ஆகிய நூல்களில் காணப்படுகின்றன. வன்பரணர், கழைதின் யானையார், பரணர், கபிலர், கல்லாடனார் முதலிய புலவர்கள் இவனைப் பாடியோ தம் பாடல்களில் குறிப்பிட்டோ உள்ளனர். ஒரு பொருளின் மதிப்பு விலையாகவும் கொடையாகவும் அளக்கப்பட்ட காலத்தை இவனது வரலாற்றின் வழியே அறியலாம்.

பெயர்

வில்லாற்றலில் சிறந்தவன் ஆதலின் வல்வில் ஓரி எனப்பட்டான். புறநானூற்றின் 153 ஆம் பாடல் இவனை ஆதன் ஓரி என்று குறிப்பிடுகிறது. இவனது குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் எனச் சிறுபாணாற்றுப்படையால் அறிகிறோம். இவனுடைய பகைவனான மலையமான் திருமுடிக்காரியின் குதிரையும் அவ்வாறே காரி எனப்பட்டது.

நாடும் மக்களும்

கொல்லி மலை பலா மரங்கள் மிக்கது என்று சங்கப் பாடல்கள் கூறுகின்றன. தெய்வத்தால் அமைக்கப்பட்டதாகக் கருதப்பட்ட கொல்லிப்பாவை இம்மலையின் மேற்குப் பக்கத்தில் இருந்ததாக நம்பப்பட்டது. தலைவியின் அழகுக்கு உவமையாகப் புலவர்கள் பலர் இப்பாவையைக் கையாண்டுள்ளனர்.

ஓரியின் மலையில் வாழ்ந்த எளிய மக்களைப் பற்றிய அரிய செய்தி ஒன்று கபிலர் பாடிய குறுந்தொகை 100 ஆம் பாடலில் உள்ளது. அருவி பாயும் இடங்களில் அவர்கள் ஐவன நெல்லை விதைத்தனர். இடையே வளர்ந்த மலைமல்லிகையையும் மரலையும் களைந்தனர். காந்தளை வேலியாகக் கொண்ட சிற்றூர்களில் வாழ்ந்தனர். பசி வந்தபோது யானையின் கொம்பை விற்று, அதனால் கிடைத்த உணவை உண்டனர்.

யானைத் தந்தம் வேந்தரும் வணிகரும் விரும்பிய அரும்பொருள். ஆயினும் பசித்தவனுக்கு அது உணவாக மாறும்போதுதான் பயன் தருகிறது. பொருளின் விலை அதன் அருமையை மட்டும் பொறுத்தது அன்று. அதனைக் கொள்பவனின் விருப்பத்தையும் விற்பவனின் தேவையையும் பொறுத்தது என்பதற்கு இச்செய்தி பழமையான சான்றாகும்.

சங்க காலத்தில் பண்டமாற்றே பெருவழக்காக இருந்தது. உமணர் என்னும் உப்பு வணிகர் ஊர் ஊராகச் சென்று உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றனர். மேற்குக் கடற்கரையில் இருந்த முசிறித் துறைமுகத்திற்கு யவனர்களின் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பியதை அகநானூற்றின் 149 ஆம் பாடல் கூறுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் விற்றனர் எனப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. சரியான விலை என்பது அக்காலத்திலேயே அறமாகவும் கருதப்பட்டமை இதனால் விளங்கும்.

வில்லாற்றல்

வன்பரணர் பாடிய புறநானூறு 152 ஆம் பாடல் ஓரியின் வில்லாற்றலையும் கொடையையும் ஒருங்கே கூறுகிறது. காட்டு வழியே சென்ற கலைஞர் குழுவினர் வேட்டுவன் ஒருவனைக் கண்டனர். அவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பின் உடலில் சென்று தைத்தது. அவனது தோற்றத்தைக் கண்டு, இவன் வெறும் வேட்டுவன் அல்லன், ஓரியாகவோ ஓர் அரசனாகவோ இருத்தல் வேண்டும் எனக் கருதிய குழுவினர் இசைக்கருவிகளை முழக்கிப் பாடினர். பாட்டில் அரசனைக் குறிக்கும் சொல் வந்தவுடன் அது தன்னைக் குறித்தது என்பதால் அவன் நாணினான். பரிசில் வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னரே, வேட்டையில் கிடைத்த இறைச்சியையும் மதுவையும், தன் மலையில் கிடைத்த குற்றமற்ற பொன்னையும் மணிகளையும் அவ்விடத்திலேயே வழங்கினான். அவ்வேட்டுவன் ஓரியே ஆவான்.

கொடை

ஓரி நாள்தோறும் இரவலர்க்கு யானைகளை வழங்கியதாக வன்பரணர் பாடியுள்ளார். பூத்துக் குலுங்கும் சுரபுன்னை மரங்களையும் சிறிய மலைகளையும் உடைய நல்ல நாட்டைக் கூத்தர்க்கு வழங்கினான் என்பது சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி. ஓரியின் யானை ஒருபுறம் கூத்தர்க்குப் பரிசிலானது; மறுபுறம் அவன் குடிமக்கள் கையில் யானையின் கொம்பு உணவுக்கு விலையானது. ஒரே மலையின் ஒரே செல்வம் இருவேறு வகையில் மதிப்புப் பெற்றது. கலைக்கு இவ்வளவு என்று விலை குறிக்கப்படவில்லை. கொடுப்பவன் அதனை எவ்வளவு மதித்தான் என்பதே பரிசிலின் அளவாக இருந்தது. பரிசில் பெறுவோரும் அதனைக் கூலியாகக் கருதவில்லை. அதியமான் தன்னைக் காணாமலே அனுப்பிய பொருளை, தான் வணிகப் பரிசிலன் அல்லன் என்று கூறிப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தமை (புறநானூறு 208) இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இக்கொடையால் விளைந்த எதிர்பாராத பயனையும் வன்பரணர் மறைக்கவில்லை. மணிகளால் அமைந்த குவளைப் பூக்களைத் தொடுத்த கண்ணியையும் அணிகலன்களையும் யானைகளையும் பெற்ற கூத்தர் பசி நீங்கினர். பசி நீங்கியதால் ஆடுவதையும் பாடுவதையும் மறந்தனர் என்று அவர் பாடுகிறார் (புறநானூறு 153). இது கொடையின் பெருமையைக் கூறும் பாட்டே எனினும், கலை பிழைப்புக்கு உரிய தொழிலாகவும் இருந்ததை உணர்த்துகிறது.

கழைதின் யானையார் ஓரியை நோக்கிப் பாடிய புறநானூறு 204 ஆம் பாடல் கொடையின் அறத்தை ஆராய்கிறது. கொடு என்று கேட்பது இழிவு, அவ்வாறு கேட்டவனுக்கு இல்லை என்பது அதனினும் இழிவு. கொள் என்று கொடுப்பது உயர்வு, கொடுத்ததை வேண்டாம் என்பது அதனினும் உயர்வு என்பது இப்பாடலின் கருத்தாகும். கடல்நீர் தெளிந்திருந்தாலும் தாகம் கொண்டோர் அதனை உண்பதில்லை. கலங்கிய நீராயினும் உண்ணத்தக்க சிறு நீர்நிலைக்கே வழிகள் பல உண்டாகின்றன என்றும் அவர் கூறுகிறார். மதிப்பு அளவைப் பொறுத்தது அன்று, பயனைப் பொறுத்தது என்பது இதனால் பெறப்படும்.

மறைவு

முள்ளூர் மன்னனான மலையமான் திருமுடிக்காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. மூவேந்தருள் ஒருவர் படைத்துணை வேண்டி அவனுக்கு அளித்த செல்வம் இரவலரையே சேர்ந்தது என்று கபிலர் பாடியுள்ளார் (புறநானூறு 122). போரில் ஈட்டிய பொருளே அவனது கொடைக்கு முதலாக அமைந்தது. இக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லி மலையைச் சேரர்க்குக் கொடுத்தான் என அகநானூற்றின் 209 ஆம் பாடல் கூறுகிறது. ஓரியின் பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த பேரொலியைக் கபிலர் நற்றிணையின் 320 ஆம் பாடலில் உவமையாக்கியுள்ளார். நாட்டையே கூத்தர்க்கு வழங்கிய ஓரியின் மலை, மற்றொரு வள்ளலின் கையால் வேந்தர்க்கு வழங்கப்படும் பொருளாயிற்று.

கரூர்ப் பகுதியில் கிடைத்த சங்ககாலச் சேரர் காசுகளுள் கொல்லிப்பொறை என்னும் பெயர் பொறித்த காசும் ஒன்று. இப்பெயர் கொல்லி மலையின் மீது சேரர் கொண்டிருந்த உரிமையைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது.

நினைவு

கொல்லி மலையில் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. ஆடிப்பெருக்கை ஒட்டித் தமிழ்நாடு அரசின் சார்பில் வல்வில் ஓரி விழா நடத்தப்படுகிறது. இவ்விழாவில் வில்வித்தைப் போட்டிகளும் இடம்பெறுவதுண்டு. ஓரி வழங்கிய யானைகளும் பொன்னும் இன்று இல்லை. அவற்றைப் பெற்றோர் பாடிய பாடல்களே எஞ்சியுள்ளன.