கோணிய விரல்கள் கொடுத்த பார்வை



உங்கள் தாத்தாவோ பாட்டியோ கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கலாம். நம் கண்ணுக்குள் தெளிந்த லென்ஸ் ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற அது மங்கிப் போகும். அதுதான் கண்புரை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். ஆனால், கையில் காசில்லாத ஏழை என்ன செய்வார்? அவருக்கு வழி காட்டியவர்தான் டாக்டர் கோ.வெங்கடசாமி.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1918 அக்டோபர் 1-ம் தேதி பிறந்தார். ஊர்ப் பள்ளியில் காகிதமும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் படித்தார். 1944-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவரானார்.

பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்பதே அவரது ஆசை. விதி வேறு மாதிரி விளையாடியது. கடுமையான முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிப் போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு! 1948-ல் ராணுவத்தை விட்டு வெளியேறினார். மனம் தளராமல் கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தவை அதே கைகள்தான்!

1976-ல் மதுரையில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு, உடன்பிறந்தவர்களின் துணையோடு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதி உள்ளவர்கள் கட்டணம் கட்டினார்கள். ஏழைகளுக்கு இலவசம். அப்படியானால் செலவுக்குப் பணம்?

இங்கேதான் அவரது மூளை வேலை செய்தது. அறுவை சிகிச்சையில் மிக அரிய பொருள் மருத்துவரின் நேரம். நோயாளியை அழைத்து வருவது, சொட்டு மருந்து விடுவது, கருவிகளை எடுத்து வைப்பது ஆகிய வேலைகளையும் மருத்துவரே செய்தால், ஒரு நாளில் சிலருக்குத்தான் சிகிச்சை தர முடியும். எனவே, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அந்த வேலைகளை ஒப்படைத்தார். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே, மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முதல் சிகிச்சை முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான்!

இதனால் அதிகம் பேருக்குச் சிகிச்சை கிடைத்தது. ஒருவருக்கு ஆகும் செலவும் குறைந்தது. பணம் கட்டியவர்கள் தந்த தொகையிலேயே ஏழைகளின் செலவையும் ஈடுகட்ட முடிந்தது. அமெரிக்காவில் எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே ருசியில் பர்கர் தரும் கடைகளைப் பார்த்து அவர் வியந்தார். மருத்துவத்திலும் அந்த ஒழுங்கு வேண்டும் என நினைத்தார்.

இன்னொரு தடையும் இருந்தது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. லென்ஸ் விலை சுமார் 10 டாலராக இறங்கியது! பல நாடுகளும் அதை வாங்கின.

திருமணம் செய்துகொள்ளாமல் பார்வையற்றோருக்காகவே வாழ்ந்த வெங்கடசாமி, 2006 ஜூலை 7-ம் தேதி மறைந்தார். 1973-லேயே பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்திருந்தது.

செல்வங்களே! ஏழைக்குக் கொடுக்க நல்ல மனம் வேண்டும். கொடுத்துக்கொண்டே இருக்க நல்ல திட்டமும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன.