நௌஷேராவில் பாய் விரித்துப் படுத்த தளபதி: பிரிகேடியர் முஹம்மத் உஸ்மான்

பத்து வருடங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் சிகிச்சைக்காகப் புதுடில்லிக்குப் போயிருந்தேன். நாங்கள் தங்கியிருந்த இடம் ஒக்லா பகுதியில். வைத்தியசாலையில் வேலை இல்லாத ஒரு ஜும்ஆ தினத்தில் தொழுதுவிட்டு ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகப் பக்கமாக நடந்தேன். அங்கிருந்த மையவாடியில், இது ஒரு பெரிய இராணுவ அதிகாரியின் கபுறு என்று ஒருவர் காட்டினார். பெயரை வாசித்தேன். பிரிகேடியர் முஹம்மத் உஸ்மான். வபாத்தாகும்போது அவருக்கு 36 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

அதுவரை நான் அவரைப் பற்றி ஒன்றும் அறிந்திருக்கவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் விளையாடினால் நீ எந்தப் பக்கம் என்று பாடசாலை நாட்களிலிருந்து கேட்கப்பட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே இந்த மனிதரின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது, அதை ஒரு யுத்தக் கதையாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை.

உஸ்மான் 1912 ஜூலை 15ஆம் திகதி அன்றைய ஐக்கிய மாகாணத்தின் அஸம்கர் மாவட்டத்தில், பீபிபூர் என்ற கிராமத்தில் பிறந்தார். எமது ஆலிம்கள் நன்கறிந்த அல்லாமா ஷிப்லி நுஃமானி பிறந்ததும் இதே மாவட்டம்தான். தந்தை பொலிஸ் அதிகாரி. மகன் சிவில் சேவையில் சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனுக்கோ திக்குவாய் இருந்தது. 12 வயதில், கிணற்றில் விழுந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்ற உள்ளே குதித்தவர் என்று அவரது ஊரில் இன்றும் சொல்வார்கள். வாரணாசியில் படித்தார். சிவில் சேவையை விட்டு இராணுவத்துக்கு விண்ணப்பித்து, 1932இல் இங்கிலாந்தின் சான்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரிக்குத் தெரிவானார். அதே வருடம் டெஹ்ராடூனில் இந்திய இராணுவக் கல்லூரி தொடங்கப்பட்டதால், சான்ட்ஹர்ஸ்ட் சென்ற கடைசி இந்திய அணியினரில் ஒருவராக அவர் ஆனார்.

1934இல் அதிகாரியாக வெளியேறி, மறு வருடம் 10ஆவது பலூச் ரெஜிமென்டில் இணைந்தார். வடமேற்கு எல்லைப்புறம், பின்னர் இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனை என்று அடுத்த பத்து வருடங்கள் ஓடின. 1945 ஏப்ரலில் தனது ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனுக்குக் கட்டளை அதிகாரியாக உயர்ந்தார். வெள்ளைக்காரர்கள் மட்டுமே வகித்துவந்த பதவிகள் இந்தியர்களுக்குத் திறக்கத் தொடங்கிய காலம் அது.

அவருடைய வாழ்க்கையின் கனமான பகுதி 1947 ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. நாடு பிரிந்தபோது இராணுவமும் பிரிந்தது. ரெஜிமென்ட்கள், வாகனங்கள், துப்பாக்கிகள், உணவு மண்டபத்தின் வெள்ளிப் பாத்திரங்கள் வரை பங்கு போடப்பட்டன. அதிகாரிகளுக்கு எந்த நாட்டு இராணுவம் என்று தெரிவு செய்யும் படிவம் கொடுக்கப்பட்டது. ஆனால் தெரிவு எல்லோருக்கும் இருக்கவில்லை. பாகிஸ்தானுக்குள் அடங்கிய பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள் இந்திய இராணுவத்தைத் தெரிவு செய்ய முடியாது. ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த உஸ்மான் போன்றவர்கள்தான் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவருடைய பலூச் ரெஜிமென்ட் முழுவதும் பாகிஸ்தானுக்குப் போனது. கூடப் படித்தவர்களும் கூடச் சண்டையிட்டவர்களும் போனார்கள். ஜின்னாவும் லியாக்கத் அலி கானும் அவரை அழைத்ததாகவும், ஒரு நாள் இராணுவத் தளபதி ஆகலாம் என்று ஆசை காட்டப்பட்டதாகவும் பரவலாகப் பேசப்படுவதுண்டு. அவர் போகவில்லை. பிறந்த மண்ணில் இருப்பதென்று முடிவெடுத்தார். அவர் டோக்ரா ரெஜிமென்டுக்கு மாற்றப்பட்டார்.

இந்த முடிவின் பாரத்தை இன்று எம்மால் இலகுவாக உணர முடியாது. பஞ்சாபில் ரயில்கள் பிணங்களைச் சுமந்து வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. டில்லியிலேயே முஸ்லிம்கள் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் சமாதி வளவிலும் அகதிகளாகக் கிடந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு முஸ்லிம் அதிகாரி நான் இங்கேதான் என்று சொல்வதை, போனவர்களும் நம்பவில்லை, இருந்தவர்களில் பலரும் நம்பவில்லை.

1947 ஒக்டோபர் 22ஆம் திகதி பாகிஸ்தான் பக்கத்திலிருந்து பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் நுழைந்தனர். 26ஆம் திகதி மஹாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் இணைய ஒப்பமிட்டார். மறுநாள் இந்தியத் துருப்புகள் ஸ்ரீநகரில் இறங்கின. இந்தப் படையெடுப்பின் தொடக்கத்தில் மஹாராஜாவின் படையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்கள் சிலர் தமது அதிகாரிகளைக் கொன்றுவிட்டு மறுபக்கம் சேர்ந்திருந்தார்கள். அந்தச் செய்தி எல்லா முகாம்களிலும் பரவியிருந்த நிலையில்தான், 77ஆவது பரசூட் பிரிகேடுக்குப் பொறுப்பாக இருந்த உஸ்மான், ஜம்மு முனையில் 50ஆவது பரசூட் பிரிகேடின் தளபதியாக டிசம்பர் மாதம் அனுப்பப்பட்டார். அவருக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பான்மையோர் ஹிந்துக்களும் சீக்கியர்களும். அவர்களில் பலருக்குப் பஞ்சாபில் வீடும் உறவும் பறிபோயிருந்தன. எதிரே நிற்பவர்கள் முஸ்லிம்கள், கட்டளையிடுபவரும் முஸ்லிம். அவர்கள் சந்தேகப்பட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

வந்த சில நாட்களிலேயே அடி விழுந்தது. மீர்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் வீதிகள் சந்திக்கும் ஜங்கர் என்ற இடம், டிசம்பர் இறுதி வாரத்தில் கைவிட்டுப் போனது. ஜங்கர் போனால் அடுத்தது நௌஷேரா. நௌஷேரா போனால் ஜம்முவுக்குப் போகும் பாதை திறந்துவிடும். அன்று உஸ்மான், ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று தீர்மானித்தார். மலைக் குளிரில், பிரிகேட் தளபதி தரையில் பாய் விரித்துப் படுத்தார். நௌஷேரா நகரம் அகதிகளால் நிரம்பி உணவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் தனது படையினரை நோன்பிருக்கச் செய்து மிஞ்சும் தானியத்தைப் பொதுமக்களுக்குக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். அவர் மதுவைத் தொட்டதில்லை, மாமிசம் உண்டதில்லை, திருமணமும் முடிக்கவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே போனது.

1948 ஜனவரியில் மேற்குப் பிராந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற லெப்டினன்ட் ஜெனரல் கரியப்பா நௌஷேராவுக்கு வந்தார். நகரத்துக்கு மேலே நிற்கும் கோட் என்ற குன்றைப் பிடித்துத் தனக்கு அன்பளிப்பாகத் தர வேண்டும் என்று உஸ்மானிடம் கேட்டுவிட்டுப் போனார். கரியப்பாவின் செல்லப்பெயர் கிப்பர். அந்த நடவடிக்கைக்கு உஸ்மான் அந்தப் பெயரையே வைத்தார். பெப்ரவரி 1ஆம் திகதி கோட் அவர் வசமானது. மஹாத்மா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது இரண்டு நாட்களே ஆகியிருந்தன. சுட்டவன் ஒரு முஸ்லிமாக இருந்திருந்தால் நாட்டில் என்ன நடந்திருக்கும் என்று அன்று எல்லோரும் யோசித்தார்கள். அந்த மலையில் நின்ற முஸ்லிம் தளபதி யோசித்திருக்கமாட்டாரா?

பெப்ரவரி 6ஆம் திகதி அதிகாலை நௌஷேரா மீது பெருந்தாக்குதல் வந்தது. பல திசைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அலையலையாக ஏறி வந்தார்கள். தைன் தார் என்ற இடத்தில் ஒரு காவலரணை ஒன்பது பேருடன் காத்துநின்ற நாயக் ஜதுநாத் சிங், மூன்று தாக்குதல்களை எதிர்கொண்டு அங்கேயே உயிர்விட்டார். பின்னர் அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. முன்கூட்டியே கோட் குன்றைப் பிடித்திருந்ததுதான் அன்று நௌஷேராவைக் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம். உயரத்தை எதிரியிடம் விட்டுவிட்டு அந்தப் பள்ளத்தாக்கில் எவராலும் தாக்குப்பிடித்திருக்க முடியாது. இந்தியத் தரப்புக் கணக்கின்படி அன்றைய இழப்பு 33 பேர். தாக்கியவர்களின் இழப்பு அதைவிடப் பல மடங்கு. அன்றிலிருந்து உஸ்மானுக்கு நௌஷேராவின் சிங்கம் என்று பெயர். மறுதரப்பு அவருடைய தலைக்கு 50,000 ரூபா விலை வைத்தது.

அவருடைய வேலைகள் எல்லாவற்றையும் மெச்ச என் மனம் ஒப்பவில்லை. நௌஷேராவில் அநாதையாகத் திரிந்த சிறுவர்களைச் சேர்த்து, உணவும் படிப்பும் கொடுத்து, பாலக் சேனா என்று ஓர் அணியை அமைத்தார். அதுவரை சரி. ஆனால் சண்டையின்போது அந்தப் பிள்ளைகள் செய்தி காவினார்கள், தோட்டாக்களும் காவினார்கள். பின்னர் நேரு அவர்களில் மூவருக்குத் தங்கக் கைக்கடிகாரம் பரிசளித்தார். இந்தியாவில் இதைப் பெருமையாகவே எழுதுகிறார்கள். பிள்ளைகளை யுத்த களத்தில் பார்த்த நாட்டிலிருந்து வாசிக்கும் எனக்கு அந்தக் கைக்கடிகாரம் உறுத்துகிறது.

மார்ச் நடுப்பகுதியில் இரண்டு பிரிகேடுகள் ஜங்கரை நோக்கி நகர்ந்தன. வடக்கு மலைத்தொடர் வழியாக 19ஆவது காலாட் பிரிகேட், வீதியின் தெற்குக் குன்றுகள் வழியாக உஸ்மானின் பிரிகேட். மார்ச் 18ஆம் திகதி ஜங்கர் மீட்கப்பட்டது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கட்டிலை இரவலாக எடுத்துவந்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதங்களின் பின்னர் அன்றிரவு அவர் கட்டிலில் படுத்தார்.

மே மாதம் பாகிஸ்தானின் நிரந்தர இராணுவம் வெளிப்படையாகக் களத்தில் இறங்கியது. ஜங்கர் மீது பீரங்கிகள் ஓயாமல் முழங்கின. ஜூலை 3ஆம் திகதி மாலை பிரிகேட் தலைமையகத்தைச் சுற்றி ஷெல்கள் விழத் தொடங்கின. 25 இறாத்தல் ஷெல் ஒன்று அருகில் வெடித்து உஸ்மானைக் கொன்றது. 36ஆவது பிறந்த நாளுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அந்த யுத்தத்தில் இந்தியா இழந்த மிக உயர்ந்த நிலை அதிகாரி அவர்தான். ஜனாஸா டில்லிக்குக் கொண்டுவரப்பட்டு அரச மரியாதையுடன் ஜாமியா மில்லியா மையவாடியில் அடக்கப்பட்டது. பிரதமர் நேருவும் அமைச்சரவையினரும் வந்திருந்தார்கள். மஹா வீர் சக்ரா விருது மரணத்தின் பின் வழங்கப்பட்டது.

இந்தக் கதையை நான் சொன்ன இடங்களில் இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன. முஸ்லிம்களை எதிர்த்துச் சண்டையிட்டவரை ஏன் புகழ்கிறீர்கள் என்று எம்மவர்கள் சிலர் கேட்டார்கள். காஷ்மீர் மக்களின் துயரம் எனக்கும் தெரியும். அவர்களுடைய கேள்விக்கு நௌஷேராவில் பதில் கிடைக்கவில்லை, 75 வருடங்கள் தாண்டியும் கிடைக்கவில்லை. ஆனால் 1947இல் ஓர் அதிகாரி தான் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினாரா இல்லையா என்பது வேறு விடயம். அவருடைய ஆகிரத்து நிலையைத் தீர்ப்பது எம்முடைய வேலையல்ல. மற்றப் பதில் அந்தப் பக்கத்திலிருந்து வருவது. முஸ்லிம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உஸ்மானை உயர்த்திப் பிடித்து, அதே கையால் ஏனைய முஸ்லிம்களை அளப்பவர்கள் அவர்கள். ஒரு சமூகத்தில் எல்லோரும் தரையில் படுத்துத்தான் தமது நாட்டை நிரூபிக்க வேண்டும் என்றால், அந்த நாட்டில் ஏதோ பிழை இருக்கிறது.

2020 டிசம்பர் இறுதியில், அந்தக் கபுறின் கல் உடைந்து கிடப்பதாகப் படத்துடன் செய்தி வந்தது. யார் உடைத்தார்கள், எப்படி உடைந்தது என்று சில நாட்கள் பேச்சு ஓடியது. பின்னர் இந்திய இராணுவமே வந்து அதைத் திருத்திக் கட்டியது. நான் அந்த ஜும்ஆ தினத்தில் பார்த்தபோது கல் முழுமையாகவே இருந்தது. பக்கத்தில் நின்று ஒரு பாத்திஹா ஓதிவிட்டு, அஸருக்கு முன் வைத்தியசாலைக்குத் திரும்பினேன்.