ஜவ்வாது மலையில் ஒரு கண் – வைணு பாப்பு



ஆம்பூர், வாணியம்பாடின்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? தோல், ஷூ, பிரியாணி! ஆனால் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள வானாய்வகத்தை உலக விஞ்ஞானிகளுக்கெல்லாம் தெரியும். அதை அங்கே உருவாக்கியவர்தான் இந்த இதழின் அறிவியல் மேதை, வைணு பாப்பு.

இளமைப் பருவம்

இவர் 1927 ஆகஸ்ட் 10ல் சென்னையில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. மற்ற பிள்ளைகள் பட்டம் விட வானத்தைப் பார்த்தால், இவர் நட்சத்திரத்துக்காகப் பார்த்தார்!

உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். போன கொஞ்ச மாதத்திலேயே, 1949ல், தான் எடுத்த வானப் படத்தில் ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பேராசிரியர் போக், நண்பர் நியூகிர்க் இருவரும் கூட இருந்து அதை உறுதி செய்தார்கள். அதனால் அதற்குப் பாப்பு–போக்–நியூகிர்க் என்று மூவர் பெயரும் வந்தது.

இரு நாட்டவர், ஒரே கண்டுபிடிப்பு

பிறகு அமெரிக்க விஞ்ஞானி ஓலின் வில்சனோடு சேர்ந்து ஆராய்ந்தார். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால், அது பக்கத்தில் உள்ள சின்ன டார்ச்சா, தூரத்தில் உள்ள பெரிய விளக்கா என்று எப்படிச் சொல்வது? நட்சத்திரத்திலும் இதே குழப்பம்தான். சில வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்தால் கால்சியம் காட்டும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் அகலத்தை வைத்தே உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம், அதிலிருந்து தூரத்தையும் கணக்குப் போடலாம் என்று 1957ல் இருவரும் வெளியிட்டார்கள். இதுதான் வில்சன்–பாப்பு விளைவு.

ஏன் காவலூர்?

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 1953ல் திரும்பி வந்துவிட்டார். நைனிடாலில் வானாய்வகம் அமைத்தார். 1960ல் கொடைக்கானல் வானாய்வக இயக்குநர் ஆனார். அங்கே மேகம் அதிகம். வேறு இடம் தேடி அலைந்து காவலூரைப் பிடித்தார். நகர வெளிச்சம் இல்லாத இருட்டு, பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென் வானமும் நன்றாகத் தெரியும். 1968ல் நம்மவர்களே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது.

நம்ம பக்கத்துத் தோல் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். 1972ல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து நம்ம மலைக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது!

அதன் பலன் 1977 மார்ச்சில் தெரிந்தது. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நேரம். அமெரிக்கக் குழு விமானத்தில் இந்தியப் பெருங்கடல் மேலே பறந்து பார்த்தது. காவலூரில் பட்டாச்சார்யா, குப்புசாமி இருவரும் பார்த்தார்கள். யுரேனஸ் மறைக்கும் முன்பே நட்சத்திர ஒளி மங்கியது. காரணம், யுரேனஸைச் சுற்றியிருந்த வளையங்கள்! அமெரிக்காவில் பகல்னா நமக்கு ராத்திரி. எவ்வளவு பணம் இருந்தாலும் ஒரே நாடு முழு வானத்தையும் எந்நேரமும் பார்க்க முடியாது. அதனால்தான் அவர்களுக்கு நாமும் வேணும், நமக்கு அவர்களும் வேணும்.

நிறைவேறிய கனவு

வாங்கி வைத்தால் மட்டும் போதாது, பெரிய தொலைநோக்கியை நாமே செய்யணும் என்று 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலையைத் தொடங்கினார். 1979ல் உலக வானியல் சங்கத்தின் தலைவராகவும் தேர்வானார். ஆனால் 1982 ஆகஸ்ட் 19ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், 55 வயதில் காலமானார். தன் பெரிய தொலைநோக்கி வானத்தைப் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் அதை முடித்தார்கள். 1986 ஜனவரி 6ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார்.

நண்பர்களே, நம்ம சோளிங்கர்லயும் கரண்ட் போனா மொட்டை மாடியிலிருந்து எவ்வளவு நட்சத்திரம் தெரியுது! அடுத்த முறை கரண்ட் போனால் திட்டாதீங்க. கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. காவலூரிலும் யாரோ அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்கு அது நம்மில் ஒருவராகவும் இருக்கலாம்!