ஆலயம் எழுப்பிய கனகராய முதலியார்

நம் உழவர்கரையில் புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பியவர் பேதுரு கனகராய முதலியார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக 20 ஆண்டுகளுக்கு மேல் விளங்கி, வாணிபத்தால் பெரும்பொருள் ஈட்டியவர். 1739இல் அவருடைய ஒரே மகன் வேலவேந்திரன் வாலிபப் பருவத்திலேயே மரித்தான். அவன் நினைவாகவே இவ்வாலயம் உருவாயிற்று.

1745 நவம்பரில் வேலை நிறைவுற்றபோது, இந்துக்கள், கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர் அனைவரையும் அழைத்து, அவரவர் முறைப்படி விருந்தளித்தார். கவர்னர் துய்ப்ளேக்சும் வந்திருந்தார். இவற்றையெல்லாம் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர், அவருக்குப் போட்டியாளரான ஆனந்தரங்கப் பிள்ளையே.

மூன்று மாதம் நிறையுமுன், 1746 பிப்ரவரியில் முதலியார் இறைவனடி சேர்ந்தார். மீந்த சொத்துக்கு மனைவியும் தம்பியும் வழக்காடினர். ஆலயத்திற்கென்று அவர் கொடுத்ததோ இன்றும் நமக்குப் பயன் தருகிறது. இந்த யூபிலியில் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்.