பிராக்டர் டெஸ்ட்: மண்ணைக் குத்திப் பார்த்த இன்ஜினீயரின் கதை

சிவில் இன்ஜினீயரிங் படித்தவர்களிடம் ‘பிராக்டர்’ என்று சொன்னால், லேபில் இருக்கும் இரும்பு அச்சும் சுத்தியலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அது ஒரு மனிதரின் பெயர்.

யார் இவர்?

ரால்ஃப் ராஸ்கோ பிராக்டர் 1894இல் பிறந்தவர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்தார். 1928 மார்ச் 12 அன்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், அந்தத் துறை கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. கட்டி முடித்து 2 வருஷம்தான் ஆகியிருந்தது. 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அது கான்கிரீட் அணை. அது சாய்ந்து நின்ற மலைச்சரிவு பலவீனமாக இருந்தது முக்கியமான காரணம் என்று பின்னர் தெரியவந்தது. பொறுப்பை ஏற்றுக்கொண்ட தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் அதே ஆண்டு பணியிலிருந்து விலகினார்.

மண் அணை தாங்குமா?

நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமே! உடைந்ததற்குப் பதிலாக, பூகே கேன்யன் பள்ளத்தாக்கில் புதிய நீர்த்தேக்கம் கட்ட முடிவானது. 1932-34இல் நடந்த இந்த வேலையில் இம்முறை மண்ணால்தான் அணை. கான்கிரீட்டே நிற்கவில்லை, மண் நிற்குமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் பிராக்டர் இருந்தார்.

அதுவரை பெரும்பாலும் மண் கெட்டியாகிவிட்டதா என்பதை, வேலை தெரிந்தவர்களின் கண்ணையும் காலையும் நம்பித்தான் முடிவு செய்தார்கள். பிராக்டர் அதை எண்ணாக மாற்றப் பார்த்தார்.

புட்டு மாவுக் கணக்கு

விஷயம் தண்ணீரில்தான் இருக்கிறது. புட்டுக்கு மாவு பிசைகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தண்ணீர் குறைந்தால் பிடி நிற்காது, கூடினால் குழைந்துவிடும். மண்ணும் அப்படித்தான். ஈரம் போதாவிட்டால் துகள்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கி உட்காராது. அதிகமானால், துகள் இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்.

இப்போது வழக்கத்தில் உள்ள சோதனை எளிமையானது. சுமார் 944 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அச்சில் மண்ணை 3 அடுக்காகப் போட வேண்டும். 2.5 கிலோ சுத்தியலை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, அடுக்குக்கு 25 குத்து. எடை பார்த்து, கொஞ்சம் மண்ணை அடுப்பில் உலர்த்தினால், ஈரப்பதமும் உலர் அடர்த்தியும் கிடைத்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஐந்தாறு முறை செய்தால், வரைபடத்தில் கோடு ஏறி, பிறகு இறங்கும். உச்சிதான் அந்த மண்ணுக்குச் சரியான ஈரப்பதம். களத்தில் கெட்டிப்படுத்திய மண்ணின் அடர்த்தி அந்த உச்சத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம்.

1933இல் இன்ஜினீயரிங் நியூஸ் ரெக்கார்ட் இதழில் 4 கட்டுரைகளாக இதை எழுதினார். கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறை 1929லேயே இதுபோன்ற சோதனையைச் செய்துவந்தது. ஆனாலும் உலகம் முழுக்கப் பரவியது பிராக்டரின் பெயர்தான். இரண்டாம் உலகப் போரில் கனமான விமானங்கள் இறங்கும் ஓடுதளங்களுக்காக, அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 4.5 கிலோ சுத்தியல், 5 அடுக்கு என்று இதைக் கடுமையாக்கினார்கள். இந்தியாவில் ஐஎஸ் 2720 தரநிலையின் 7, 8ஆம் பகுதிகள் இந்த இரண்டு வகைகளையும் சொல்கின்றன. நம்ம ஊர் ரோடு வேலையிலும் இதே கணக்குதான்.

கடைசிப் பாடம்

பிராக்டர் பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸில் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தின் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். 1951இல் அது முடிந்தது. 1962இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, 1963 டிசம்பர் 14 அன்று அந்த நீர்த்தேக்கம் உடைந்தது. கசிவை முன்கூட்டியே கவனித்து மக்களை வெளியேற்றியதால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. அப்படியும் 5 பேர் இறந்தார்கள்.

காரணம், அடியில் இருந்த நிலப்பிளவுகள் நகர்ந்ததுதான். பக்கத்து எண்ணெய் வயலால் நிலம் தாழ்ந்ததும் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. செயின்ட் பிரான்சிஸிலும் சிக்கல் அடிநிலத்தில்தான் இருந்தது.

நாம் கொட்டி இறுக்கிய மண் எவ்வளவு கெட்டி என்பதை பிராக்டர் சோதனை சொல்லும். அதற்குக் கீழே உள்ள நிலம் எப்படிப்பட்டது என்பதை அது சொல்லாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் 95 சதவீதம் என்று இருந்தாலும், இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.