பூவின் நிறத்தைத் தேடிப் போனவர்

செம்பருத்தியைப் பறித்துச் சாமிக்கு வைக்கிறோம். வேப்பமரத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிடுகிறோம். அந்தப் பூவுக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது, அந்த இலைக்கு ஏன் அவ்வளவு கசப்பு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? இந்தக் கேள்விகளோடே வாழ்நாளைக் கழித்த தமிழர் ஒருவர் இருந்தார். பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி.

1900 பிப்ரவரி 3-ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பு. 1917-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் படித்தார். பட்டம் வாங்கியதும் உடனே சம்பளம் தேடி ஓடவில்லை. ஓராண்டு இராமகிருஷ்ண மிஷனில் தொண்டு செய்தார். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். இளைஞர் இயக்கத்தில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டிய இடம் இது.

1927-இல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து போனார். மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் முனைவர் பட்டம் பெற்றார். இந்த இராபின்சன்தான் பின்னாளில், 1947-இல், நோபல் பரிசு வாங்கியவர். அடுத்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஃபிரிட்ஸ் பிரெகல் என்பவரிடம் ஒரு வித்தை கற்றார். சில மில்லிகிராம் பொருளை எரித்தே அதில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வித்தை. அது ஏன் முக்கியம்? கூடை கூடையாகப் பூவைக் கொட்டி, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, சுத்தம் செய்தால் கடைசியில் கையில் நிற்பது ஒரு சிட்டிகைதான். அந்தச் சிட்டிகையை வீணாக்காமல் படிக்கத் தெரிய வேண்டுமே!

நாடு திரும்பியவர் சில காலம் கோயம்புத்தூரில் மண் ஆராய்ச்சி வேலை பார்த்தார். 1933-இல் வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பருத்திப் பூ, புளிச்சக்கீரைப் பூ எல்லாம் அவருடைய ஆய்வு மேசைக்கு வந்தன. இங்கே ரோசெல் பானம் குடிக்கிறோம் இல்லையா, அந்தச் செடியும் புளிச்சக்கீரை இனம்தான். பூக்களுக்கு மஞ்சள் நிறம் தரும் ஃபிளவனாய்டு என்ற பொருள்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிரித்ததோடு விடவில்லை. அதே பொருளைச் சோதனைக்கூடத்தில் செயற்கையாகச் செய்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். குழம்பில் போடும் கல்பாசியின் இனத்தைக் கூட அவர் விட்டு வைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம் மாறியது. அந்தச் சிரமத்திலும் வேலை நிற்கவில்லை.

பூச்சிகளையும் மீன்களையும் கொல்லும் தாவரப் பொருள்களையும் அவர் ஆராய்ந்தார். நம் நாட்டுக் காடுகளில் துபா வேரை நசுக்கி ஆற்றில் கலந்து மீன் பிடிப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வேரிலுள்ள ரோட்டினோன், மீனின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுத்துவிடும். அதையே பயிர்ப்பூச்சிக்கும் மருந்தாகத் தெளித்தார்கள். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் ஆற்றில் கலந்தால் மீன் சாகும் என்பதும் உண்மை. ரெண்டும் ஒரே வேர்தான்.

இங்கேதான் சேஷாத்திரியின் வாழ்க்கை நமக்குப் பாடம் சொல்கிறது. இயற்கை என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. புலனக் குழுக்களில் தினமும் வருகிறதே, இந்த இலையைக் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும், அந்த வேரைத் தின்றால் புற்றுநோய் ஓடிவிடும் என்று? நம் பாட்டிமார் வைத்தியத்தில் உண்மை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்று சோதித்துப் பார்த்தால்தான் அது மருந்து. சோதிக்காமல் பகிர்ந்துவிட்டு, அதை நம்பி ஒருவர் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவம் யாருக்கு?

1949-இல் சேஷாத்திரி டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இயற்கைப் பொருள் வேதியியலுக்கு அங்கே பெரிய ஆய்வு மையமே உருவானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள். ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டின. 1960-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963-இல் இந்திய அரசு பத்மபூஷண் அளித்தது. 1975 செப்டம்பர் 27-இல் மறைந்தார்.

நம் பிள்ளைகளுக்குச் சினிமா நடிகர்களின் பிறந்தநாள் தெரியும். இவர் பெயர் தெரியாது. அதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை பூஜைக்குப் பூப் பறிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கையிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் பூவுக்கு ஏன் அந்த நிறம் என்று அவர்கள் கேட்டால், சும்மா இரு என்று அதட்டாதீர்கள். கேட்கட்டும். பக்தியும் கேள்வியும் ஒரே மனசில் தாராளமாக இருக்கலாம்.